என் பெயரில் மலை ஏறியவள்

இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்து நான்கு வருடத்துக்குள் என் தங்கை கனகேஸ்வரி வென்றெடுத்தவை: பதினொரு பேர் போய் ஒரு மாதம் தாக்குப்பிடிக்காமல் திரும்பிய வீட்டில் நிரந்தர வேலை, தபால்காரனையும் சேர்த்து நான்கு பேரைக் கடித்த அந்த வீட்டு நாயின் பணிவு, பெல்லெகிரீனோ மலையின் குகைக் கோயில்வரை மூச்சு வாங்காமல் ஏறும் கால்கள், கடைசியாக, தன் பெயர். முதல் மூன்றையும் அவள் என் பெயரில்தான் வென்றாள்.

நான் 1988இல் இங்கே வந்தவள். தொண்ணூறாம் ஆண்டுப் பொதுமன்னிப்பில் எனக்குப் பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, கிடைத்தது. தொண்ணூற்றிரண்டில் வந்த கனகத்துக்கு அது இல்லை. அந்த வருடம் மலையடிவாரத்தில் நின்ஃபா என்றொரு எழுபத்தொரு வயது விதவை, வீட்டு வேலைக்கும் வியாழக்கிழமைகளில் தன்னோடு மலை ஏறுவதற்கும் ஆள் தேடினார். கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததற்காக, கால் இருக்கும்வரை வியாழன்தோறும் ஏறிவந்து கும்பிடுவதாக அந்தக் குகைக் கோயிலின் புனிதை சாந்தா ரொசாலியாவுக்கு நேர்ந்திருந்தார். தொலைபேசியில் பேசி வேலையை எடுத்தவள் நான். என் முழங்கால் மூன்று மாடிக்கு மேல் ஒத்துழைக்காது. ஆகவே போனவள் அவள். கையில் என் பெர்மெஸ்ஸோவின் நகல். அதில் என் முகம் சோற்றுப்பானையின் அடிபோலக் கரியாக விழுந்திருந்தது. எங்கள் இருவருக்கும் அப்பாவின் பெயர் ஒன்று, மூக்கும் ஒன்று. சிஞ்ஞோரா, அதாவது வீட்டுக்கார அம்மா, நகலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அருள்நாயகி என்ற என் பெயரைச் சுருக்கி ‘அருலா’ என்று கூப்பிட்டார். அவளும் "ஓம்" என்று விட்டாள்.

வியாழன் காலை ஏழு மணிக்கு, கல் பதித்த பழைய வழி தொடங்கும் இடத்தில் கனகம் செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைப்பாள். கோயிலுக்கு நேர்த்தியோடு ஏறுகிற வழியில் செருப்புப் போட அவளுக்கு மனம் வராது. அது வெள்ளைச் சுண்ணாம்புக்கல். எத்தனையோ தலைமுறை நடந்து நடந்து, நடுவில் உள்ள கற்கள் ஈரச் சவர்க்காரம்போல வழுக்கும். அவள் ஓரமாக நடப்பாள், குதியை ஊன்றமாட்டாள், பெருவிரலால் கல்லைத் தடவிப் பார்த்த பிறகுதான் பாரத்தைக் கொடுப்பாள். ஒரு கை எப்போதும் சிஞ்ஞோராவின் முழங்கைக்குக் கீழே, தொட்டும் தொடாமலும் இருக்கும்.

"இந்தக் கல்லு சூத்தைப்பல்லு மாதிரி, அக்கா. வெளியிலை வெள்ளை, உள்ளுக்கை முழுக்கப் பொந்து" என்பாள். மழை அரித்த குழிகளில் எதில் நான்கு நாள் தண்ணீர் நிற்கும், எதில் எந்தக் குருவி குடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். மாசியில் பாறை இடுக்குகளில் வெள்ளைப்பூ நீளத் தண்டுகளில் எழும்புவதையும், பங்குனியில் முட்செடிகளின் அடியில் காட்டு அஸ்பராகோத் தளிர் நூல்போலத் தலைநீட்டுவதையும் முதலில் காண்பவள் அவள்தான். வழியில் பொறுக்கிய முள்ளம்பன்றி முள்ளொன்றைக் கொண்டையில் குத்தியிருப்பாள். பல்லரோ சந்தைக்கும் அப்படியே வருவாள். "எடடி அதை, சனம் பாக்குது" என்று நான் சொன்னால், "பாக்கத்தானே குத்தினது" என்பாள்.

வெறுங்காலோடு ஏறும் பெண்ணை மலையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பெரிய வேண்டுதல் ஏதோ இருக்கிறது என்று அவர்களாகவே முடிவுசெய்து, தங்கள் பிள்ளைகளின் பரீட்சைகளையும் மருமகள்களின் பிரசவங்களையும் அவளிடம் சொல்லி அனுப்பத் தொடங்கினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் பஸ்ஸில் கோயிலுக்குப் போனேன். மெழுகுதிரி விற்கும் கிழவி பெயர் கேட்டாள். அருள்நாயகி, சுருக்கமாக அருலா என்றேன். அவள் திரியைத் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"இல்லை. அருலா நடந்து வருகிறவள்" என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்து நான் கதைக்கவில்லை. கனகம் காரணம் கேட்டாள். சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கட்டிலில் சாய்ந்துவிட்டாள். "அப்ப நீங்கள் ஆரெண்டு கேக்கேல்லையே அவ?"

என் கையெழுத்தையும் அவளுக்குப் பழக்கியவள் நான்தான். கோடு போட்ட கொப்பியில் இருநூறு தடவை எழுதவைத்தேன். ‘அ’வின் வால் எங்கே முடியவேண்டும் என்று அளந்து காட்டினேன். ஒரு வருடம் கழித்துத் தபாலகத்தில் நாங்கள் கையெழுத்துப் போட்ட இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த இளைஞன், அவள் போட்டதை ஏற்றுக்கொண்டு நான் போட்டதைத் திருப்பித் தந்தான். "நீங்கள் வடிவாப் போடேல்லை, அக்கா" என்றாள், வெளியே வந்ததும்.

தொண்ணூற்றைந்து கார்த்திகையில் புதிய சட்டம் வந்தது. அனுமதி இல்லாதவர்களுக்கும், வேலை கொடுப்பவர் எழுத்தில் உறுதி சொன்னால் பெர்மெஸ்ஸோ கிடைக்கும். கனகத்துக்கு வேலை கொடுப்பவர் சிஞ்ஞோரா நின்ஃபா. ஆனால் கனகம் என்றொருத்தி இருப்பதே அவருக்குத் தெரியாது.

"வேறை ஆரும் சிஞ்ஞோராவைப் பிடிப்பம்" என்றேன்.

"ஏன் வேறை ஆள்? எனக்கு வேலை தாறது இவதானே."

"கலைச்சுப்போட்டா?"

"கலைச்சா மலையாலை இறங்கி வாறன்."

"குவெஸ்தூராப் பொலிசிலை போய்ச் சொன்னா என்ரை பெர்மெஸ்ஸோவும் போகும், விளங்குதோ?"

"விளங்குது, அக்கா. எண்டாலும் நான் செத்தா அவ உங்கடை பேரிலையெல்லோ பூசை வைப்பா."

தை மாதம் இரண்டாவது வியாழன். முதல்நாள் மழை பெய்து கல்லெல்லாம் நனைந்திருந்தது. ஆறாவது வளைவில், பைன் மரங்களுக்குக் கீழே சிஞ்ஞோரா மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, கனகம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சிஞ்ஞோரா எழுந்தார். கையைக்கூடக் கொடுக்காமல் தனியே ஏறினார். இவள் ஓரடி பின்னால், விழுந்தால் பிடிக்கக்கூடிய தூரத்தில் போனாள். கோயில் வாசலில்தான் அவர் திரும்பினார்.

"மூன்று வருடத்துக்கு மேலாக வியாழன்தோறும் அருள்நாயகியைக் காப்பாற்று என்று கேட்டிருக்கிறேன். அதெல்லாம் யாருக்குப் போனது?"

"என் அக்காவுக்கு."

சிஞ்ஞோரா உள்ளே போகவில்லை. திரும்பி, வந்த வழியே முழுவதும் இறங்கினார். வீட்டுக்குப் போகிறார், எல்லாம் முடிந்தது என்று கனகம் நினைத்தாளாம். வழி தொடங்கும் கல்லடியில் அவர் நின்று, "இப்போது உன் பெயரைச் சொல்" என்றார். பிறகு, எழுபத்தைந்து வயதில், மறுபடியும் முதலாவது கல்லிலிருந்து ஏறினார்.

அன்று பின்னேரம் சீசாப் பகுதியில் எங்கள் வீட்டில் வாளித் தண்ணீருக்குள் காலை வைத்தபடி கனகம் இதைச் சொன்னாள். "ஒவ்வொரு வளைவிலையும் என்ரை பேரைச் சொல்லிப் பாக்கிறா, அக்கா. முழுசா வர எட்டு வளைவு. மேலை போய் முழங்காலிலை நிண்டு, ‘அது பிழை, இதுதான் சரியான பேர்’ எண்டு ரொசாலியாவுக்குத் திருத்திச் சொல்லுறா."

"அப்ப எனக்கெண்டு கேட்டதுகள்?"

"அது உங்களுக்குத்தான். மூண்டு வருசமாக் காய்ச்சல்கூட வரேல்லைத்தானே."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். அடுத்த கிழமையே எனக்குத் தடிமன் பிடித்தது. படுத்திருந்து, வியாழக்கிழமை ஏழு மணியாவதைப் பார்த்தேன். இப்போது யாருடைய பெயர் மேலே போகிறது என்று தெரிந்திருந்தது.

சிஞ்ஞோரா உறுதிக் கடிதம் கொடுத்தார். என்னைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. குவெஸ்தூராவுக்குக் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு தானே கூட வந்தார். வரிசையில் மூன்று மணி நேரம் நின்றோம். விண்ணப்பத்தில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. நிரப்பியவள் நான். அலுவலர் கடைசித் தாளை இந்தப் பக்கம் தள்ளிக் கோட்டைக் காட்டினார். கனகம் பேனையை எடுத்து, தாளுக்கு ஒரு விரற்கடை மேலே பிடித்தபடி நின்றாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். சிஞ்ஞோரா அவர்களைத் திரும்பிப் பார்த்தார், முணுமுணுப்பு நின்றது.

"அக்கா, கொஞ்சம் அங்காலை பாருங்கோ."

"ஏன்?"

"நீங்கள் பாத்தா உங்கடை கைதான் வரும்."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பேனை தாளில் உரசும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடியும் கேட்டது. எனக்கு முன்னால் இருந்தது ஒரு நாட்காட்டி மட்டும்: 1996 பெப்ரவரி 27, செவ்வாய்க்கிழமை.