மூன்று காலுக்கு வைத்த பொட்டு

எங்கள் அண்ணன் செத்துப்போய் ஏழு மாதம் ஆகிறது. அவனைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பஃபர்தான். சொன்னால் ஒருத்தருக்கும் புரியாது.

அப்போது நான் ஆறாவது படித்தேன். அண்ணன் சங்கராபுரத்தில் ஒரு மைக் செட் கடையில் வேலை பார்த்தான். பழைய கதவுப் பலகையை அறுத்து, தலைமுடி போன்ற செம்புக் கம்பியைக் காந்தத்தின் மேல் சுற்றி, தானே ஒரு எலக்ட்ரிக் கிடார் செய்திருந்தான். பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர் இருந்தால் நன்றாகக் கேட்கும். நீள ஒயர் போட்டால் மட்டும் கம்பளிக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி மங்கிவிடும். மெல்லிசான சத்தத்தையெல்லாம் ஒயரே தின்றுவிடுகிறதாம். தின்னவிடாமல் காப்பாற்ற, கிடாருக்கும் ஒயருக்கும் நடுவில் வைக்கிற சின்ன சர்க்யூட்தான் பஃபர்.

வெள்ளிமலைத் திருவிழாவுக்கு வரவிருந்த ஆர்கெஸ்ட்ராவில் கிடார்காரர் நின்றுவிட்டார். திருவிழா அன்று சாயங்காலம், கச்சேரிக்கு முன்னால், அண்ணனை மேடையில் வாசித்துக் காட்டச் சொல்லியிருந்தார் அதன் தலைவர். சவுண்டு சுத்தமாக வந்தால் அண்ணனைச் சேர்த்துக்கொள்வார். அடுத்தவர் பாட ஒயர் இழுத்துப் போடுகிறவன், தானே மேடையேறி வாசிக்கிறவனாக ஆகிவிடலாம்.

பத்து நாள் என் ரஃப் நோட்டின் பின்பக்கமெல்லாம் படம் போட்டான். நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"இது சத்தத்த ஜாஸ்தி பண்ணுமாண்ணா?"

"பண்ணாது."

"கம்மி பண்ணுமா?"

"அதுவும் இல்ல. வந்தத வந்தமாரியே அந்தாண்ட அனுப்பும்."

"அதுக்கா பத்து நாளா குந்திகினு இருக்கிற?"

"வாயாடி, நீ கலரப் படி."

ரெசிஸ்டரில் இருக்கும் கலர் கோடுகளைப் படிப்பது என் வேலை. பழுப்பு, கறுப்பு, பச்சை என்றால் பத்து லட்சம் ஓம். அதை பஃபருக்குள் சத்தம் நுழைகிற வாசலில் வைத்தால் கிடாரிடமிருந்து எதையும் பிடுங்காது என்றான். குறைந்ததைப் போட்டுக் காட்டினான், சத்தம் உடனே மந்தமானது. எனக்கே காதில் தெரிந்தது. உள்ளே மூன்று கால் வைத்த ஒரு கறுப்புப் பூச்சி மாதிரி ஒன்று இருந்தது. டிரான்சிஸ்டர். "மொத்த வேலையும் இவன்தான் பாக்குறான்" என்றான். பிளாஸ்டிக் சோப்பு டப்பாவுக்குள் வைத்தபோது கொய்யென்று இரைந்தது. தகர டப்பாதான் வேண்டுமென்று என் ஜாமெட்ரி பாக்ஸைப் பிடுங்கிக்கொண்டான்.

கடையிலிருந்த ஒயரையெல்லாம் சேர்த்து, வரப்பு வழியாக மோட்டார் கொட்டகை வரைக்கும் இழுத்துப் பார்த்தோம். அம்மா அடுப்பங்கரையிலிருந்து, "இன்னாடா, கண்ணாடி ஒடஞ்சமாரி கேக்குது?" என்று கத்தினாள். "அதாம்மா வேணும்!" என்று அண்ணன் குதித்தான்.

கிளம்புகிற அன்று அவன் குளித்துக்கொண்டிருந்தான். அம்மா என்னிடம், "புதுசா செஞ்சத வெறுமனே எடுத்துகினு போவக்கூடாதுடி. பொட்டு வை" என்றாள். எங்கள் வீட்டில் சைக்கிள், கிரைண்டர், பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. அம்மா சொன்னது மூடியில். நான் யோசித்துப் பார்த்தேன். மூடி வெறும் என் டப்பா. வேலை பார்க்கிறவன் உள்ளே அல்லவா இருக்கிறான்? திறந்து, சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து அந்த மூன்று கால் பூச்சிக்கு அப்பினேன். மேலே குங்குமம். பார்க்க அம்மனாட்டம் இருந்தது.

நானும் கூடப் போனேன். வெள்ளிமலையில் தூறல். ஆம்ப்ளிஃபயரை மேடைக்கு ரொம்பத் தள்ளி, நனையாத இடத்தில் வைத்திருந்தார்கள். அண்ணன் கம்பியைத் தொட்டதும் சடசடவென்று பொரிந்தது.

"இன்னா தம்பி, கிடாரு வாசிக்கிறியா, வடை போடுறியா?" என்றார் தலைவர். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அண்ணன் மூடியைத் திறந்தான். ஒரு நொடி உள்ளே பார்த்தான். சட்டை நுனியால் துடைத்தான். சந்தனத்தின் ஈரம் பூச்சியின் கால்களுக்கு நடுவே இறங்கியிருந்தது, பொரிச்சல் நிற்கவில்லை. பஃபரைக் கழற்றிவிட்டு வாசித்தான். கம்பளிச் சத்தம்தான் வந்தது.

"என் சால்ட்ரிங் சரியில்லீங்கண்ணா. ரெண்டு நாளு டைம் குடுத்தீங்கன்னா..."

"ஏழு மணிக்குக் கச்சேரிப்பா. எறங்கு, எறங்கு."

அவன் ஈயம் பற்றவைத்ததுதான் காரணம் என்று கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. பொட்டுதான் காரணம் என்று அவனுக்குத் தெரியவில்லை, தப்பித்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தான். ரொம்ப நேரம் கழித்து, "எந்தக் கையில வெச்ச?" என்றான்.

நான் கையை நீட்டிக் காட்டினேன். "சோத்துக் கையிலதாண்ணா."

"அப்ப சரி" என்றான்.

அப்ப சரி என்றே நானும் நம்பினேன். நிம்மதியாக அவன்மேல் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். வளைவுகளில் பஸ் குலுங்கியது, அவன் தோளும் குலுங்கியது. மலை இறங்கி, பஸ் நேர் ரோட்டில் ஓடும்போதும் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. டிரைவர் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.