சலெஞ்சரும் மஸ்டாங்கும் ஒரு கிடாரமும்

அமெரிக்கக் கார் திருத்துற கராஜில வேலை செய்யிறவனுக்கு முதுகு நோகும், காது மந்தமாகும், கலியாண வீட்டுக்குக் குளிச்சிட்டுப் போனாலும் கையில பெற்றோல் மணக்கும். ஆனா ஒரு நாளும் வேலைக்குப் போகப் பஞ்சியோ சோம்பலோ வராது. டென்மார்க்கில பிராண்டே எண்ட சின்னப் பட்டணத்துக்கு வெளியில, தோட்டக் காணியளுக்கு நடுவில எங்கட கராஜ். முதலாளி பிரெபன் எண்ட டெனிஷ்காரர், வேலையாள் நான். இந்த நாட்டில இருந்துகொண்டு பெரிய எஞ்சினில ஆசை வைச்சு, வரியும் கட்டி, வீட்டில பேச்சும் வாங்கிற சீவன் நீங்களெண்டால், வாங்கோ, பக்கத்தில இருங்கோ. எங்கட நோவு எங்களுக்குத்தான் விளங்கும்.

ஒண்டை வாங்கி மூண்டுக்குக் கட்டினவர்

டென்மார்க்கில காருக்கு நம்பர் பிளேட் பூட்ட முதல் கட்டுற பதிவு வரி இருக்கே, அதைக் கேட்டாலே தலை சுத்தும். எல்லைக்கு அங்கால ஜெர்மனியில அதே கார் என்ன விலையெண்டு இன்ரநெற்றில பாத்திட்டு, எங்களிட்ட வந்து பெருமூச்சு விடுற ஆக்கள் கனபேர். பேந்து வருசா வருசம் ரோட்டு வரி, காப்புறுதி, பெற்றோல். குளிர் காலத்தில ரோட்டில உப்புப் போடுவாங்கள் எண்டு காரைப் போத்து மூடி வைக்கிற செலவு வேற.

டோர்பன் எண்டு எங்கட வாடிக்கையாளர் ஒருத்தர். பண்டிப் பண்ணை நடத்தி ஓய்வெடுத்த மனுசன். சிவப்பு மஸ்டாங் வைச்சிருக்கிறார். பிள்ளைகுட்டியைக்கூட அப்பிடித் துடைச்சிருக்க மாட்டார், அந்தக் காரை அப்பிடித் துடைப்பார். வரிக் கதை வந்தால் மட்டும் துணியைக் கீழ வைச்சிட்டு என்னைப் பாத்துக் கேப்பார்: "மூண்டு காருக்குக் காசு கட்டினனான். நான் ஒண்டைத்தான் ஓடுறன். மற்ற ரெண்டையும் அரசாங்கம் எங்க நிப்பாட்டி வைச்சிருக்கெண்டு உனக்குத் தெரியுமே?"

கடலில வாற லைற்

அமெரிக்கக் காரில எது திறம், மஸ்டாங்கா சலெஞ்சரா எண்டு கேட்டால் எங்கட கராஜில தேத்தண்ணி ஆறிப்போகும், கதை ஆறாது. மஸ்டாங்கை ஐரோப்பாவில முறைப்படி வித்தவங்கள். அதால சாமான் கெதியா வரும், வளைவில சொல்லுக் கேக்கும், காப்புறுதிக்காரரும் முகம் சுளிக்காயினம். சலெஞ்சரை ஒவ்வொண்டா கப்பலேத்தி, பின் லைற்றை இஞ்சத்தைச் சட்டத்துக்கு மாத்தி, சோதனைக்குக் கொண்டுபோய்க் காட்டவேணும். பாரமும் கூட, பெற்றோல் குடியும் கூட. ஆனா ஸ்ரார்ட் பண்ணிப் பாருங்கோ. நெஞ்சாங்கூடு அதிரும். இத்தினை வருசமாக் கேக்கிறன், எனக்கு இப்பவும் மயிர் கூச்செறியுது. கமாரோ எண்டு மூண்டாவது ஒண்டும் இருக்கு. ஓட்டத்தில அதுதான் கெட்டிக்காரன், ஆனா உள்ளுக்க இருந்து வெளியில பாக்கிறது தபால் பெட்டி ஓட்டைக்குள்ளால பாக்கிற மாதிரி.

பிரெபன் சலெஞ்சர் பக்தர். ஒருக்கா அவற்ற சொந்தக் காருக்கு ஒரு லைற் அமெரிக்காவிலயிருந்து வரவேண்டிக் கிடந்தது. கோடையே முடிஞ்சு போச்சு, லைற் வரேல்லை. வியாழக்கிழமை பின்னேரங்களில கார்ப் பைத்தியங்கள் எல்லாம் எங்கட கராஜ் வாசலில கூடுவினம். மற்றவங்கள் எல்லாம் கார் கொண்டுவந்து காட்ட, இவர் வெறுங்கையோட நிண்டார். டோர்பன் விடுவாரே, நல்லாப் பகிடி பண்ணினார். பிரெபன் கோப்பி ஊத்தினபடி சொன்னார்: "உன்ர சாமான் கடைத் தட்டில சும்மா கிடக்கு. என்ரை அத்திலாந்திக்கைப் பாத்துக்கொண்டு வருகுது."

காத்தாடி செய்யிறவற்ற சனிக்கிழமை

செல்வம் அண்ணை காத்தாலைத் தொழிற்சாலையில இறகு செய்யிறவர். சனிக்கிழமை எண்டால் கோயிலுக்குப் போறாரோ இல்லையோ, எங்கட கராஜுக்கு வந்திடுவார். ஒண்டையும் தொடமாட்டார். கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு காரையும் சுத்தி வருவார். கடைசி மகள் ஓகூஸ் பட்டணத்தில படிப்பு முடிச்சாப்பிறகு தனக்கெண்டு ஒண்டு வாங்கிறது எண்டு வைராக்கியமா இருந்தவர். மகள் இந்த வருசம் முடிச்சிட்டாள். அவருக்கோ முழங்கால் நோகத் தொடங்கிட்டுது, இப்ப விட்டால் இனி இல்லை. மஸ்டாங்குக்குக் கணக்கும் பாத்து வைச்சிட்டார். அவற்ற பெண்சாதி மலர் அக்காவின்ர சம்மதம் மட்டுந்தான் பாக்கி.

மகள் ஒருநாள் அவரோட வந்து, எலெக்ட்ரிக் கார் வாங்கினால் என்ன எண்டு டெனிஷில கேட்டாள். அண்ணை தமிழில பதில் சொன்னார்: "பிள்ளை, கிழமை முழுக்க உலகத்துக்குச் சுத்தமான கரண்ட்டுக்காகத்தானே முறியிறன். சனிக்கிழமையாவது கொஞ்சம் புகை மணக்க விடு."

கிடாரச் சோதனை

மலர் அக்கா வந்தா. தனிய இல்லை, பழைய ஸ்ரேஷன் வாகனுக்குள்ள ஒரு அலுமினியக் கிடாரத்தோட. கோயில் திருவிழாவில அவையின்ர உபயத்துக்கு ஊருக்கே சோறு வடிக்கிற பெரிய கிடாரம். "எந்தக் காரெண்டாலும் எடுங்கோ. ஆனா இது டிக்கிக்குள்ள போய் மூடவேணும். ரெண்டு கார் வைச்சிருக்க நாங்கள் என்ன ராச பரம்பரையே?" எண்டா.

நானும் அண்ணையும் ஆளுக்கொரு காதைப் பிடிச்சுத் தூக்கினம். கமாரோவின்ர டிக்கி வாய்க்குள்ளயே அது நுழையேல்லை. மஸ்டாங்குக்குள்ள போச்சு, மூடி சாத்தேல்லை. அண்ணை சரிச்சுப் பாத்தார், கவிட்டுப் பாத்தார், கெஞ்சாத குறை. கடைசியா விக்க நிண்ட கறுப்புச் சலெஞ்சர். கிடாரம் உள்ள போச்சு, மூடி டப்பெண்டு விழுந்துது, இன்னும் ஒரு அரிசி மூட்டைக்கு இடம் மிச்சம். பிரெபன் வாயைப் பிளந்துகொண்டு நிண்டார். "அரசாங்கச் சோதனைக்குக் கூட இப்பிடி ஒண்டு இல்லை. ஆனா நான் அப்பவே சொன்னனான், சலெஞ்சர்தான் நல்ல காரெண்டு."

மலர் அக்கா திறப்புக் கேட்டது

பிரெபனுக்குச் சந்தோசம், செல்வம் அண்ணைக்கு இடி. சலெஞ்சர் எண்டால் அவற்ற கணக்கு உதைக்கும். விலை கூட, ரோட்டு வரி கூட, பெற்றோல் கூட, பழுதானால் சாமான் கப்பலில. "விடு தம்பி, பழைய கார் இன்னும் ஓடுதுதானே," எண்டிட்டு டிக்கியைத் திறக்கப் போனார். என்னாலை அந்த முகத்தைப் பாக்க ஏலாமல் போச்சு. அந்த மனுசன் தனக்கெண்டு ஒரு சேட்டுக்கூட ஆசையா வாங்கினதை நான் காணேல்லை.

மலர் அக்கா ஓடிப் பாக்கவெண்டு பிரெபனிட்டக் கார்த் திறப்பைக் கேட்டா. அவ வீடு வீடாப் போய் வயசான ஆக்களைக் குளிப்பாட்டி, மருந்து குடுத்து, சாப்பாடு குடுக்கிற வேலை. பனியோ மழையோ, கொம்யூன் எண்ட நகரசபையின்ர சின்ன எலெக்ட்ரிக் காரில பண்ணை ஒழுங்கையளுக்குள்ளால போய்வாற மனுசி. ஏறி இருந்து சீற்றை முன்னுக்கு இழுத்தா, கண்ணாடியைச் சரிபண்ணினா, எங்களைத் திரும்பியும் பாக்கேல்லை. எஞ்சின் உறுமிச்சு, பின்னுக்குக் கிடாரம் கிணுங்கிச்சு, கார் போயிட்டுது. அண்ணை வாசலில நிண்டு அந்தச் சத்தம் போற திசையையே பாத்துக்கொண்டு நிண்டார்.

கன நேரங்கழிச்சு, கார் வர முதல் சத்தம் வந்துது. ரெண்டு காருக்கு நடுவில ஒரே திருப்பில ரிவேர்ஸ் எடுத்து விட்டா. பிரெபன் தொப்பியைக் கழட்டிப்போட்டார். அண்ணை கிட்டப் போய், "இஞ்சாரும், இது பெற்றோல் கனக்கக் குடிக்கும்," எண்டு மெல்லமாச் சொன்னார். அக்கா எஞ்சினை நிப்பாட்டேல்லை. கண் கலங்கியிருந்துது, சிரிப்பும் இருந்துது. "இத்தினை வருசமா அந்தக் கரண்ட் காரில ஆற்ற வீட்டுக்குப் போனாலும் நான் வந்த சத்தமும் கேக்கிறேல்லை, போன சத்தமும் கேக்கிறேல்லை. இனி நான் வாறது நாலு வீட்டுக்கு முன்னமே கேக்கட்டும். குடிச்சால் குடிக்கட்டும், எழுதுங்கோ பேப்பரை."

ஆசைப்பட்டதும் செல்வம் அண்ணை, வரி கட்டினதும் செல்வம் அண்ணை. ஆனா இப்ப சனிக்கிழமையில எங்கட கராஜுக்கு அவர் சைக்கிளிலதான் வாறார், ஏனெண்டால் கார் வேற ஆற்றையோ கையில இருக்காம்.