மணி நகர மறுத்த இடம்

பிள்ளைகளே, நான் கல்யாண வீடுகளில் படம் பிடிக்கிறவன். இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

மணப்பெண் தன் நாய் மணியோடு ஒரு படம் கேட்டாள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால், தேயிலைச் சரிவில் இருவரையும் நிறுத்தினேன். காலை மூடுபனியில் பின்னணி முழுவதும் வெள்ளை. எனக்கு அது பிடித்துப் போயிற்று. ஒரு படம் எடுத்தேன். சேலை முழுதாகப் படத்துக்குள் வரவில்லை.

"இன்னுங் கொஞ்சம் பின்னால போங்க தங்கச்சி," என்றேன்.

மணி சேலையைப் பல்லால் பிடித்து முன்பக்கம் இழுத்தது. அதன் கண் மட்டும் அந்த வெள்ளைக்குள்ளேயே இருந்தது.

"பாருங்கண்ணே, மாப்பிள வீட்டுக்கு என்னைய விடமாட்டேங்குது," என்று சிரித்தாள்.

எனக்கு எரிச்சல் வந்தது. "நாய விடுங்க. நீங்க மட்டும் போங்க."

அவள் பின்னால் வைக்கக் காலைத் தூக்கினாள். மணி அவள் காலுக்குப் பின்னால் குறுக்கே படுத்து ஊளையிட்டது. அவள் அப்படியே நின்றாள். அப்போது காற்றடித்துப் பனி விலகியது.

மணிக்கு அந்தப் பக்கம் நிலமே இல்லை. இரவு மழையில் சரிந்து போயிருந்தது. தேயிலை வேர்கள் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தன.

அவள் கையைப் பிடித்து மெல்ல இழுத்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் யாரையும் நிறுத்துமுன் அந்த இடத்தில் நான் போய் நின்று பார்க்கிறேன். அன்று எடுத்த படத்தைப் பார்ப்பவர்கள், பின்னாலிருக்கும் வெள்ளை அழகு என்கிறார்கள். எனக்கு அதற்குள்ளிருந்து என் குரல்தான் கேட்கிறது.