வேலியோரச் சந்தனம்

போன வாரம் உடுமலையில் ஒரு கல்யாணம். வாசலில் நின்ற பெண் சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பார்கள். திமிர்தான், வேறென்ன. இப்போதெல்லாம் கிண்ணத்தில் இருப்பது சந்தனமே இல்லை, வாசனை சேர்த்த ஏதோ மாவு. என் மூக்குக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. வாசம் பட்டதும் வயிறு எரிகிறது, அவ்வளவுதான்.

எழுபதுகளில் நான் மலைமேல், கேரளப் பக்கத்து மறையூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். கரும்புக்காடு, பக்கத்திலேயே சொந்த வெல்ல ஆலை. பாகு கொதிக்கிற வாசனையில் பசியே எடுக்காது. அப்படிச் சொல்கிறேனே தவிர, சூட்டு வெல்லத்தை ஒளிந்து தின்றது நான்தான். வேலியோரம் ஒரு சந்தன மரம் நின்றது. யாரும் நட்டதில்லை, குருவி தின்று போட்ட விதை. எங்கள் நிலத்தில் நின்றாலும் மரம் அரசாங்கத்துக்குச் சொந்தம். கிளையை ஒடித்தாலும் குற்றம். காட்டைக் காப்பாற்றப் போட்ட சட்டம் என்பார்கள்.

ஒரு மழைக்காலத்தில் திருடர்கள் அதை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காலையில் பார்த்த என் வீட்டுக்காரர், யோக்கியமாக வனக்காவலர்களிடம் போய்ச் சொன்னார். அவரையே பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

"மரம் சர்க்காரோடது. நோக்க வேண்டியது நீ," என்றாராம் அதிகாரி, பாதி மலையாளத்தில். காவல் காக்க வேண்டியது நிலத்துக்காரனாம்.

நான் போய் நின்றேன். "திருடன விட்டுட்டு, வந்து சொன்னவரப் பிடிச்சு வச்சிருக்கீகளே, இது எந்த ஊரு நாயம்?"

ஒருவழியாக விட்டார்கள். திரும்பி வந்தவருக்கு வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. கரும்பு வெட்டுகிற கை. அடித்தார்களா என்று கேட்டால் ஆலை அடுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அறுத்த மரத்தின் அடியைச் சுற்றி வேரிலிருந்து கன்றுகள் கிளம்பின. விட்டால் வேலி முழுக்க வரும். கரும்புச்சாறு காய்கிற கொப்பரையில் பொங்குகிற அழுக்கை வழித்து, கொதிக்கக் கொதிக்கக் கொண்டுபோய் ஒவ்வொரு கன்றின் மேலும் ஊற்றினேன்.

"பச்ச மண்ணு மாதிரி இருக்கு, விடு புள்ள," என்றார்.

"வளந்தா மறுபடி ஒங்களத்தான் பிடிச்சு வைப்பாக."

கன்று சுருண்டு கருகும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் இதே வேலைதான் நடந்தது. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

இப்போது சட்டம் மாறிவிட்டதாம், நாமே வளர்க்கலாமாம். வனத்துறையிலிருந்து சின்ன வயது அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். "ஒங்க வேலியில முன்னாடி நெறைய இருந்திருக்குமே, எங்க போச்சு?" என்றார். சாயா கொடுத்து அனுப்பினேன். சந்தனப் பழம் தின்ன வந்த குருவிகளையும் காணோம். குருவிகளுக்காக வருத்தம் உண்டு. மரத்துக்காக இல்லை.

என் வீட்டுக்காரர் செத்த அன்று, நாத்தனார் எங்கிருந்தோ ஒரு துண்டுச் சந்தனக்கட்டை வாங்கி வந்து பாடையில் வைக்கப் போனாள். கௌரவமாம்.

"இதுக்குத்தான அவரப் பிடிச்சு வச்சு அடிச்சாக," என்று பிடுங்கித் தெருவில் எறிந்தேன். அவரை மாமரக் கட்டையில்தான் எரித்தார்கள்.