சுத்தியல் படாத வால்வு

டுக்குமான் சர்க்கரை ஆலையில் குழாய் பொருத்துகிறவன் எவரிஸ்தோ லூனா. கோபம் வந்தால் கை முந்திக்கொள்ளும். இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ பேர் மூக்கை உடைத்திருக்கிறான். ஆனால் எந்த வால்வின் மேலும் சுத்தியல் பட விட்டதில்லை. வால்வை அடிக்கிறவன் குழாய்க்காரனே இல்லை என்பது அவர்கள் பட்டறையின் கட்டுப்பாடு. இறுகிப்போன வால்வோடு அரை நாள் மல்லுக்கட்டுவார்களே தவிர, ஒரு தட்டுத் தட்ட மாட்டார்கள்.

அந்த மே மாதம் கரும்பு அரவை தொடங்கும் நாள். பாதிரியார் தீர்த்தம் தெளித்ததும் ஆலைச் சங்கு ஊத வேண்டும். சங்குக்கு நீராவி விடுகிற பழைய வால்வு சக்கரம் வைத்தது. சுற்றிச் சுற்றி நீராவியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட அரை மணி ஆகும். போன வருஷம் விருந்தாளிகள் கொட்டாவி விட்டார்களாம். அந்த மகா கஷ்டத்துக்காக மேலாளர் ஒலாசோ, ஒரே இழுப்பில் திறக்கிற லிவர் வால்வை மாட்டச் சொல்லிவிட்டார். அது எண்ணெய்க்குச் சரி, நீராவிக்கு ஆகாது என்று எவரிஸ்தோ தலைபாடாக அடித்துக்கொண்டான். ஆறின குழாயில் தண்ணீர் தேங்கியிருக்கும், ஒரேயடியாகத் திறந்தால் நீராவி அதைத் தூக்கிக்கொண்டு போய் வளைவில் மோதும் என்றான். ஒலாசோ சிரித்தார்.

லிவரை இழுக்க நின்றவன் அவன் தம்பி நிக்கனோர்.

"தொடாதேடா. செத்துப்போவே."

"ஊரே பாத்துக்கிட்டிருக்குண்ணே. உனக்குப் பொறாமை, தள்ளு."

எவரிஸ்தோ சுத்தியலை ஓங்கி, லிவரைப் பிடித்திருந்த தம்பியின் வலக்கை மேல் இறக்கினான். எலும்பு நொறுங்கியது. ஆலைக் காவலாளிகள் எவரிஸ்தோவைக் கீழே தள்ளி வாயிலேயே உதைத்தார்கள். இரண்டு பல் போயிற்று. ரத்தத்தைத் துப்பிவிட்டு நிமிர்ந்தபோது, ஒலாசோ அவசரமாக ருஃபினோ என்ற இன்னொரு தொழிலாளியை லிவரின் முன் நிறுத்தியிருந்தார். ருஃபினோவுக்குக் கல்யாணமாகி நாற்பது நாள்.

சங்கு ஊதவில்லை. குழாய் துள்ளியது, வளைவு வெடித்தது. இரும்புத் துண்டு ருஃபினோவின் நெஞ்சைப் பிளந்தது. பக்கத்தில் நின்ற மூன்று பேரின் தோல் நீராவியில் உரிந்து தொங்கியது. அவர்கள் சாயங்காலம் வரை கத்திக்கொண்டிருந்துவிட்டுச் செத்தார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் தம்பி நன்றி சொல்வான் என்று எவரிஸ்தோ உண்மையாகவே எதிர்பார்த்தான். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நிக்கனோர் கேட்டான்.

"சுத்தியல் உன் கையிலதானேண்ணே இருந்துச்சு? என்னை எதுக்கு அடிச்சே? அந்த லிவரை ஒரு போடு போட்டு ஒடைச்சிருந்தா, ருஃபினோ இருந்திருப்பானே."

லிவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"எனக்கு அது தோணவே இல்லடா" என்றான் எவரிஸ்தோ.