கல்லில் துடைத்த வேர்வை

அமீரகத்தில், நாங்கள் இருக்கும் புஜைராவில் யாரைச் சந்தித்தாலும் பெயரைக் கேட்பதற்கு முன்னால் ஊரைக் கேட்பது வழக்கம். எங்கள் கிளினிக்குக்குப் புதிதாக வந்த நர்ஸிடம் நானும் கேட்டேன். ஆஸ்திரேலியா என்றார். ரிசப்ஷனில் இருந்து பழகிய வாய் சும்மா கிடக்குமா? "அது சரி, உண்மையில் எந்த ஊர்?" என்று விடாமல் கேட்டேன். அவருடைய கறுத்த நிறம் எனக்கு அந்த நாட்டோடு பொருந்தவில்லை. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அந்த மண்ணின் ஆதிக்குடி. வெள்ளைக்காரர் கப்பலில் வந்து இறங்குவதற்கு எவ்வளவோ காலம் முன்பே அங்கே இருந்த சனம். அவரிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்ட என்னை என்ன சொல்ல?

அந்தச் சிரிப்பில்தான் சிநேகிதமானோம். லீவு நாட்களில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். ஒருநாள் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டபடி தங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொன்னார். அங்கே ஒரு நீர்நிலைக்கு முதன்முதலாகப் போகிறவர் சட்டென்று இறங்கிவிடக் கூடாதாம். அதைத் தோண்டி உண்டாக்கிய பெரிய பாம்பு இன்னும் அடியில் கிடக்கிறது. கரையில் நின்று, நான் இன்னார், இன்னாரின் பிள்ளை என்று உரக்கச் சொல்ல வேண்டும். பிறகு ஒரு கல்லில் உடம்பு வேர்வையைத் துடைத்துத் தண்ணீரில் எறிய வேண்டும். பாம்பு அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டால் ஆளை மறக்காது.

அவருடைய தாயைச் சிறுமியாக இருந்தபோதே வெள்ளைக்கார அரசாங்கம் வீட்டாரிடமிருந்து பறித்துக்கொண்டு போய் எங்கோ வளர்த்திருக்கிறது. தலை நரைத்துத் திரும்பி வந்தபோது அவருக்குச் சொந்தப் பாஷை மறந்துபோயிருந்தது. கல் எறிவது மட்டும் நினைவில் இருந்தது. எறிந்த பிறகுதான் அம்மா வாய்விட்டு அழுதார் என்றார் நர்ஸ்.

எங்களுக்கும் பாம்புதான் தெய்வம். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு வளவுக்குள், வேம்படியில், நாகதம்பிரான் இருந்தார். பாலும் முட்டையும் வைப்போம். பிறகு இராணுவம் வேலி போட்டு ஊரையே எடுத்துக்கொண்டது. இந்தக் கதையை நான் தொடங்கினாலே என் மகள் போனை எடுத்துவிடுவாள். நர்ஸ் சொன்னதை மட்டும் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. புஜைராவில் பிறந்தவள். ஆனால் இங்கே எங்கள் இருப்பெல்லாம் அவளுடைய தகப்பனின் விசா இருக்கும்வரைதான். அது முடிந்தால் இவளைத் தன் பிள்ளை என்று எந்த மண் எடுத்துக்கொள்ளும்? அந்தப் பயம் எனக்கு எப்போதும் உண்டு.

போன வருடம் எங்கள் வளவை இராணுவம் விட்டது. லீவு எடுத்துக்கொண்டு மூன்று பேரும் போனோம். வேம்பு இல்லை. நாகதம்பிரான் இருந்த இடத்தை என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. பற்றைக் காட்டுக்குள் கிணறு மட்டும் மிஞ்சியிருந்தது. எனக்கு நர்ஸின் தாய் நினைவுக்கு வந்தார். ஒரு கல்லை எடுத்து மகளின் கையில் திணித்தேன்.

"சொல்லு பிள்ளை. நீ ஆர், ஆற்ற மகள் எண்டு சொல்லிப்போட்டு எறி."

என்ன சொல்ல வேண்டும் என்று வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக்கொடுத்தேன். அவள் ஏசி போட்ட வாகனத்தில் வந்து இறங்கியவள். கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"எனக்கு வேர்க்கேல்லை அம்மா. இது உங்கட இடம். நீங்கள் எறியுங்கோ."

அவள் கல்லைக் கீழே போட்டாள். எனக்கு வந்த கோபத்தில் நன்றாக ஏசினேன். "விடப்பா அவளை" என்று கணவர் என்னை இழுத்துக்கொண்டு போனார்.

இந்த வருடம் நான் பயந்தது நடந்தது. கணவர் எண்ணெய்த் தாங்கிகள் இருக்கும் இடத்தில் வேலை செய்தார். ஒருநாள் காலை மேலாளர் கூப்பிட்டு "கலாஸ்" என்றார், அரபியில் முடிந்தது என்று. அத்தனை வருட வேலை அந்த ஒரு சொல்லோடு முடிந்தது. என் சம்பளத்தில் குடும்பம் இங்கே தங்க முடியாது. யாழ்ப்பாணம் போவது என்று முடிவானது. மகள் அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள் கடற்கரைக்குப் போக வேண்டும் என்றாள். நீந்தப் பழகிய இடம். பின்னேரமாகியும் புழுக்கம் குறையவில்லை. காரை விட்டு இறங்கியவள் ஒரு கல்லைப் பொறுக்கிக் கழுத்தில், கையில், அக்குளில் அழுத்தித் துடைத்தாள். கடலைப் பார்த்துத் தன் பெயரைச் சொன்னாள். என் பெயரையும் தகப்பன் பெயரையும் சொன்னாள். கிணற்றடியில் நான் சொல்லிக்கொடுத்த அதே தமிழ், ஒரு சொல் பிசகவில்லை. பிறகு தானாகச் சேர்த்துக்கொண்டாள்.

"நான் இங்கதான் பிறந்தனான். நாளைக்குப் போறம். திரும்பி வந்தா என்னைத் தெரியவேணும்."

எறிந்தாள். இது எங்கள் இடமில்லை, நாங்கள் விசாவில் வந்த ஆட்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் அழுகைதான் வந்தது.

"ஊர்க் கிணத்துக்கும் எறியவேணும், என்னம்மா?"

"ஓம் குஞ்சு. நாளைக்குப் போய் நாளண்டைக்கே எறியலாம்."

அவள் ஈரக் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உடன ஏலாது அம்மா. முதல்ல அங்க எனக்கு வேர்க்கட்டும்."