ஐந்து மணிக்கு டும்டும் படை

பொம்மைக் கடையில் காசு கொடுப்பது பெரியவர்கள், விளையாடுவது பிள்ளைகள் என்று நம்பித்தான் நானும் ஜெயங்கொண்டத்தில் கடையைத் திறந்தேன். உங்களில் யாராவது அதே நம்பிக்கையில் கடை போட்டு மாட்டிக்கொண்டிருந்தால், வாங்க, சேர்ந்தே புலம்புவோம்.

எல்லாவற்றுக்கும் காரணம் டும்டும் படை. புஸ் என்ற தீயணைப்பு வண்டி, கொக்கி என்ற கிரேன், கூடவே ஓர் ஆம்புலன்ஸ், ஒரு படகு என்று நாலு ரோபோக்கள். காலை மடக்கினால் வண்டி, நீட்டினால் ஆள். பெட்டியின் மேல் 'மூன்று முதல் ஐந்து வயது வரை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். டீலர் பேச்சைக் கேட்டு கடை நிறைய வாங்கி அடுக்கினேன். மாலை ஐந்து மணிக்கு வரும் அதன் கார்ட்டூனைப் போட சுவரில் ஒரு டிவியும் மாட்டினேன். மாட்டிய வாரமே, கடையை எனக்கு வாடகைக்கு விட்டிருக்கும் கட்டடக்காரர் வந்து, "தை பொறந்ததும் காலி பண்ணிடும்மா, மருமவன் செல்போன் கடை வைக்கிறாரு" என்றார். இந்த இடம் போனால் என் பிழைப்பே போச்சு.

மீசைக்காரரின் புகார்

சிமென்ட் ஆலைப் பக்கம் கிரேன் ஓட்டுகிறவர் ஒருவர் வந்தார். முறுக்கு மீசை, ஆறடி உயரம். கொக்கி வேண்டும் என்றார். "பிள்ளைக்கு என்ன வயசுங்க?" என்று வழக்கம்போல் கேட்டேன். "புள்ளையா? எனக்குத்தான்க்கா" என்றார். என் கையிலிருந்த கத்தரிக்கோல் நழுவி விழுந்தது. அவரோ வெட்கப்படவே இல்லை. வண்டியில் கண்ணாடிக்கு முன்னால் வைக்கப் போவதாகச் சொல்லி, பெட்டியைப் பிரித்து, கொக்கியின் கயிறு ஓடுகிறதா என்று இழுத்துப் பார்த்து வாங்கிப் போனார்.

அந்த வாரமே திரும்பி வந்தார், முகம் கடுகடுவென்று. உடைந்துவிட்டதோ என்று நான் பயந்தால், குறை பொம்மையில் இல்லையாம், கார்ட்டூனில். டிவிக்காரர்களிடம் நான் உடனே சொல்லியாக வேண்டுமாம். "கிரேன் சாயாம இருக்கத்தான் பக்கவாட்டுக் காலு. அதை ஊனாமலே கொக்கி பாரம் தூக்குதுக்கா! சின்னப் புள்ளைங்க பாக்குற படம். நாளைக்கு இதுங்களும் அப்படியே தூக்கினா வண்டி கவுந்துடாதா?"

குடிலில் ஒரு வண்டி

வரதராஜன்பேட்டையில் ஸ்டெல்லா டீச்சர் என்று எனக்கு ஒரு வாடிக்கையாளர். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். போனால் குடிலில் இடையர்கள் இருக்கிறார்கள், ஆடுகள் இருக்கின்றன, ராஜாக்களுக்கும் ஒட்டகத்துக்கும் நடுவில் நான் விற்ற புஸ் நிற்கிறது! அவர்கள் வீட்டு வாண்டின் வேலை. எடுத்தால் அழுவான் என்று விட்டுவைத்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்துக் குடில் பார்க்க ஃபாதர் உள்ளே வந்தார். டீச்சருக்கு முகம் வெளிறிவிட்டது. விற்றவள் என்ற முறையில் நானும் டீச்சர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

ஃபாதர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு புஸ்ஸைக் கையில் எடுத்து, காலை மடக்கி, முகப்பை வாசல் பக்கம் திருப்பி வைத்தார். அடுத்து அதன் பெயரையே சொல்லிப் பேசினார்; அந்தப் பெயரை யாரும் அவருக்குச் சொல்லவில்லை என்பதுதான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியாத விஷயம். "வைக்கோல் கூரை, உள்ள சீரியல் பல்பு. இந்த எடத்துல பொறுப்பா நிக்கிறது நம்ம புஸ் ஒருத்தன்தான், இருக்கட்டும்."

சீர்த்தட்டு

ஆண்டிமடத்தில் ஒரு காதுகுத்து. தாய்மாமன் என் கடையில்தான் சீருக்குக் கொக்கி வாங்கினார். விசேஷத்தன்று மண்டபத்திலிருந்து அவரே போன் செய்தார். பின்னால் ஒரே கூச்சல். "அக்கா, பிரச்சினை ஆயிடுச்சு" என்றார். மோதிரம் குறைந்துவிட்டதோ, புடவை பிடிக்கவில்லையோ என்று பதறினேன். போனை வாங்கிப் பேசியவர் பிள்ளையின் அப்பா, முந்திரித் தோப்பும் நிலபுலனும் உள்ள மனிதர். நிதானமாகத்தான் சொன்னார்: "நாலு பேரும் ஒண்ணாத்தானே எல்லா எடத்துக்கும் போவாங்க? கொக்கிய மட்டும் தனியா தட்டுல வச்சா எப்படிங்க? சீர் பத்தலைன்னு நாங்க சொல்லலை, படை பத்தலைன்னுதான் சொல்றோம்."

மருமகனின் டேப்

கட்டடக்காரர் உடையார்பாளையத்துப் பக்கம் பெரிய விவசாயி. சிரித்து நான் பார்த்ததில்லை. காலி செய்யும் விஷயத்தை ஞாபகப்படுத்த அவ்வப்போது வருவார். முதல் தடவை டிவியைப் பார்த்து, "என்னம்மா, தகரமெல்லாம் பேசுது?" என்று முகம் சுளித்தார். அப்புறம் ஞாபகப்படுத்துவது தினசரி வேலை ஆனது, அதுவும் சரியாக ஐந்து மணிக்கு. நின்றுகொண்டிருந்தவர் ஸ்டூல் கேட்டார். இந்த ஆள் என்னைத் துரத்தாமல் விடமாட்டார் என்று நான் ராத்தூக்கம் கெட்டுக் கிடந்தேன்.

மார்கழிக் கடைசியில் மருமகனோடு வந்தார். மருமகன் கையில் டேப். என் அலமாரிகளை நகர்த்திச் சுவரை அளந்தார். டிவியில் கொக்கி, கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டியைத் தூக்க உள்ளே இறங்கி, சேற்றில் சிக்கிக்கொண்டது. 'தொடரும்' என்று போட்டுவிட்டார்கள்.

கட்டடக்காரர் ஸ்டூலை விட்டுத் துள்ளி எழுந்தார். விளம்பரம் ஓடுவதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மருமகன் பக்கம் திரும்பினார். "மாப்ள, டேப்ப சுருட்டுங்க. ஏம்மா, இந்தக் கதை முடியிற வரைக்கும் நீ கடையை நடத்து. ஆட்டுக்குட்டியையும் அந்தப் பயலையும் கெணத்துல வுட்டுட்டு நாம எப்படிம்மா கடையை மூடுறது?"

இந்தக் கதை முடியவே முடியாது, கொக்கி இன்னும் பல வருடத்துக்கு எதையாவது தூக்கிக்கொண்டேதான் இருக்கும் என்று டீலர் சொன்னதை நான் அவர் காதில் போடவில்லை, புண்ணியமாகப் போகும், நீங்களும் போட்டுவிடாதீர்கள்.